மோக்காவை அனுப்பப் போவதில்லை, அக்கா

அக்கா,

இன்று செப்டெம்பர் 4. விடிய முன்னமே நம் சனம் மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறத் தொடங்கிவிட்டது. நான் இன்னும் கிளம்பவில்லை. பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போக முதல் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும். லண்டன் வருகிற யாரிடமாவது மோக்காவை, அடுப்பில் வைத்துக் கோப்பி போடும் அந்த அலுமினியப் பாத்திரத்தை, கொடுத்துவிடு என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். கொடுக்க மாட்டேன்.

போன தரம் கேட்டபோது “அப்படியே இருக்கு” என்றேன். அது பொய். ஓர் இரவு வேலை முடிந்து வந்த களைப்பில், மற்றச் சாமான்களோடு அதையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் வைத்துவிட்டேன். அந்த இயந்திரத்துக்குப் போடும் தூளில் உள்ள காரம் அலுமினியத்தை அரிக்கும் என்று சொல்லித் தந்ததே நீங்கள்தான். காலையில் எடுத்தால் எட்டுப் பட்டையும் கறுத்துக் கிடந்தது. தொட்ட விரலில் சாம்பல் ஒட்டியது. கம்பிச் சுருளால் தேய்க்கவில்லை, அதை நம்புங்கோ. தேசிப்புளி விட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கழுவினேன். கறுப்புப் போய்விட்டது, மினுக்கம் திரும்பவில்லை. மூன்று தரம் கோப்பி போட்டு ஊற்றிவிட்டு நாலாவதைத்தான் குடித்தேன். ரப்பர் வாசரும் மாற்றியாயிற்று. பழையது காய்ந்து வெடித்து, திருகுகிற இடத்தால் ஆவி போய்க்கொண்டிருந்தது.

மன்னித்துக்கொள்ளுங்கோ. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது இன்டக்ஷன் அடுப்பு. வெறும் அலுமினியம் அதில் சூடாகவே மாட்டாது. அத்தான் வாங்கித் தந்த இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் இறக்குகிறது என்று படம் அனுப்பினீர்கள். மோக்காவில் 2 பார் வந்தாலே அதிகம். பிறகு இதை எங்கே வைப்பீர்கள்? அலுமாரியில். எனக்கு அது வேண்டாம். நான் தினமும் அதில்தான் குடிக்கிறேன்.

நம் நோன்னா, அந்த இத்தாலியப் பாட்டி, உயிரோடு இருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பா. 2016இல், மோக்கா விற்றுப் பெயர்பெற்ற ரெனாத்தோ பியலெத்தியின் அஸ்தியைப் பெரிய மோக்கா ஒன்றுக்குள் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்று சிலுவைக்குறி போட்டவ அல்லவா. ரெனாத்தோவின் தகப்பன் அல்ஃபொன்சோ முதல் மோக்காவைச் செய்த 1933ஆம் ஆண்டைத் தன் பிள்ளைகள் பிறந்த ஆண்டு மாதிரிச் சொல்லுவா.

நோன்னா கண்மூடிய அந்தக் காலைதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் வரும்போது ஆறு மணி. நோன்னா இரவே போய்விட்டா. அவவின் மகள் இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் அடுப்படியில் நின்று, எல்லா நாளும் போல வால்வுக்குக் கீழ்வரை தண்ணீர் விட்டீர்கள். புனலில் தூளைக் குவித்துப் போட்டு, அமுக்காமல், விரலால் விளிம்பை மட்டும் துடைத்தீர்கள். அமுக்கினால் தண்ணீருக்கு வழியில்லை, வால்வு அடைத்தும் கிடந்தால் வெடிக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்த அதே கை. நெருப்பைச் சின்னதாக வைத்தீர்கள். மூடி திறந்தே இருந்தது. தேன் நிறத்தில் கோப்பி ஏறத் தொடங்கியது. அந்த இடத்தில் எப்போதும் இறக்கிவிடுவீர்கள். அன்று இறக்கவில்லை. அது கடகடவென்று இரைந்து, சீறி, கருகிய மணம் வந்த பிறகும் நீங்கள் அசையவில்லை. நான்தான் அடுப்பை நிறுத்தினேன்.

பிறகு மூன்று சின்னக் கோப்பையில் ஊற்றினீர்கள். மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அதைத் தொட்டியில் ஊற்றவில்லை. கொண்டுபோய் அவவின் கட்டிலருகே, அரைக் கரண்டி சீனியோடு வைத்தீர்கள், அம்மம்மாவுக்குப் படைக்கிற மாதிரி. மற்ற இரண்டையும் நாங்கள் குடித்தோம். கருகல்தான். இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

உங்களை அவ்வளவு கிட்ட நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அடுத்த வருஷமே லண்டனுக்குப் போய்விட்டீர்கள். “நீ பார்த்துக்கொள்” என்று மோக்காவைத் தந்தீர்கள். அதோடு வேறு எதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இதை நம் ஊர் ஆட்களும் வாசிப்பார்கள், அம்மாவின் காதுக்கும் போகும், அதனால் அதை இங்கே எழுதவில்லை. ஆனால் ஒரு தரமாவது, மோக்கா எப்படி இருக்கு என்று கேட்ட இடத்தில், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கவும் மனமில்லை. பிள்ளைகளோடு அங்கே உங்களுக்கும் லேசாக இருந்திருக்காது, தெரியும்.

இப்போது சவர்க்காரம் போடுவதில்லை. ஆறவிட்டு, சுடுதண்ணீரில் அலசி, மூன்று துண்டையும் தனித்தனியாகக் காய வைக்கிறேன். ஈரத்தோடு திருகி வைப்பதில்லை. வால்வையும் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த செப்டெம்பரில் மலைக்கு வருவதென்றால் முன்னமே சொல்லுங்கோ. இங்கே என்னிடம் இன்னும் காஸ் அடுப்புத்தான்.

தம்பி
பலேர்மோ