கரைவலைக் கூலியும் பரிசுத்தமும்: திருகோணமலைச் சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமாருக்கும் மூப்பர்களுக்கும்,

நம் ஊர்ச் சபைகளில் பரிசுத்தத்தைப் பற்றிய பிரசங்கத்துக்குக் குறைவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும் சனங்கள் எதைக் கதைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: நகை, சினிமா, உடுப்பு. பொம்பிளைப் பிள்ளைகளின் உடுப்புத்தான் கூடுதலாக.

வேதாகமத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம், "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிறது. அப்புறம் வருவதைப் பாருங்கள். அறுவடையில் வயலோரத்தை ஏழைக்கு விடு. செவிடனை நிந்திக்காதே. கோள் சொல்லித் திரியாதே. அந்நியனில் அன்பு வை. தராசு சரியாக இருக்கட்டும். (உடுப்பைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, சணலும் கம்பளியும் கலந்த துணி வேண்டாமென்று. அதைப் பிரசங்கிக்க ஒருவரையும் காணோம்.)

13ஆம் வசனம் நம் கடற்கரைக்கே எழுதியதுபோல இருக்கிறது: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரையில் நின்று கரைவலை இழுத்தவன், கயிறு அறுத்துக் காயப்பட்ட கையோடு நிற்கிறான். "நாளைக்குப் பாப்பம்" என்கிறார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. ஐஸையும் சேர்த்து நிறுத்து மீன் விலை வாங்குகிறவரும் நம்மிடையே இருக்கிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்போடு முன்வரிசையில். அவர்களை யாரும் கண்டித்து நான் கேட்டதில்லை.

அதற்காக இன்னொரு சட்டப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. தீர்க்கதரிசி ஏசாயா தன் தரிசனத்தில் முதலில் கண்டது சிங்காசனத்தில் வீற்றிருந்த ஆண்டவரை. கண்ட பிறகுதான் தன் உதடுகள் அசுத்தம் என்று அலறினான். அவற்றைச் சுத்தமாக்கியதும் அவன் அல்ல. பலிபீடத்துத் தழலைக் குறட்டால் எடுத்துக்கொண்டு வந்து தொட்டவன் சேராபீன் என்ற தேவதூதன். தேவனுடைய தூய்மையைக் காட்டாமல் ஒழுக்கத்தை மட்டும் சொன்னால், சனங்கள் ஒளிக்கத்தான் பழகுவார்கள். கிறிஸ்துவைப் பார்த்துப் பார்த்து வளர்கிறவனுக்கோ பிந்திக் கொடுக்கிற கூலி தானாகவே உறுத்தத் தொடங்கும். உடனே இல்லை, மெல்ல மெல்ல. அந்த வளர்ச்சிக்குச் சபை பொறுமையாக இடம் கொடுக்க வேண்டும்.

"பரிசுத்தராயிருங்கள்" என்ற அந்த லேவியராகம வசனத்தைத் தன் முதலாம் நிருபத்தில் எடுத்து, "உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும்" என்று எழுதிய பேதுருவும் வலை இழுத்தவர்தான்.

என் வேண்டுகோள் இதுதான். வருகிற தவக்காலத்தில் இந்த அதிகாரத்தை ஏசாயா 6உடன் சேர்த்து, ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசங்கியுங்கள். முதல் ஞாயிறே 13ஆம் வசனத்தை எடுங்கள். கூலி கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அன்றைக்கு வர வேண்டும் என்று முந்திய வாரமே அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் விசுவாசி