செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வழமைபோல் பௌர்ணமிப் போயா தினங்களில் வெள்ளவத்தையில் கூடினோம். டிசம்பர் கூட்டம் டித்வா புயல் அனர்த்தத்தால் நடக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; சந்தா பாக்கி உள்ளவர்கள் அந்த நேரம் பார்த்து வெளியே போகாமல் இருந்தால் நல்லது.

இவ்வாண்டு எங்களை அலைக்கழித்தது சிறுகதைப் போட்டிதான். வந்த பிரதிகள் சிலவற்றில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியதோ என்ற முதல் சந்தேகமே அங்கேதான். ஒன்றில் கொட்டாஞ்சேனை ஆச்சி ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கி வந்து டீ போடுகிறார். சங்கக்கடையும் சீனியும் தேத்தண்ணியும் தெரியாத ஆச்சி எந்தக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்? ஒருவரையொருவர் அறியாத மூவரின் கதைகள், பழைய தகரப் பெட்டிக்குள் கிடந்த கடிதம் ஒன்றோடு முடிந்தன.

என் பிழையையும் பதிவு செய்யவேண்டும். தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு கதையை, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த செயலி ஒன்று செயற்கை நுண்ணறிவு எழுதியதாகக் காட்டியது. அதை நம்பிக் கதையை நிராகரித்துக் கடிதம் அனுப்பிவிட்டேன். எழுதியவர் புடவைக் கடையில் வேலை செய்யும் மலையகப் பிள்ளை. அடுத்த போயாவுக்கு மூன்று சீ.ஆர். கொப்பிகளோடு வந்து, ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார். முதல் பந்தி மட்டும் ஐந்து தடவை எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் தோட்டக் குடியிருப்பைக் குறிக்கும் ‘லயன்’ என்பதை வெட்டி ‘வீடு’ என்று எழுதி, அதையும் வெட்டி, மறுபடி ‘லயன்’. அன்றே மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவி சரிவரக் கணிப்பதில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டதாம். கடிதம் அனுப்பிய பிறகுதான் அறிந்தேன்.

சட்டத்தரணியான அங்கத்தவர் ஒருவர் ஒரு மாலை முழுக்க எங்களுக்கு விளக்கினார். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆக்கியோன் என்பவர் ஆக்கத்தைப் படைத்த மனிதர். பதிப்புரிமை பொதுவாக அவரது ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும். மனிதரே ஆக்கியோனாக முடியும் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் 2025 மார்ச்சில் தீர்த்திருக்கிறது. “மெஷினுக்கு ஆயுளை யார் கணிக்கிறது, சாத்திரியாரா?” என்று பின்வரிசையிலிருந்து வந்த கேள்வி கூட்டக் குறிப்பிலும் ஏறிவிட்டது. 2023 இல் ஹொலிவூட் திரைக்கதையாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றில், மெஷினை எழுத்தாளராகக் கொள்ளக்கூடாது என்ற பாதுகாப்பும் ஒன்று என்பதையும் அன்றுதான் பலர் அறிந்தோம்.

வரும் போட்டிக்குச் செயற்குழு தீர்மானித்தவை: கண்டறியும் செயலி பாவிக்கப்படாது. தெரிவாகும் கதையை எழுதியவரே மண்டபத்தில் வாசித்து, நடுவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். வெளியூரார் தொலைபேசியில் சொல்லலாம். வரைவுகளும் காட்டவேண்டும். எழுத்துப்பிழை திருத்தத் தடையில்லை. பார்வை மங்கிய நம் மூத்த அங்கத்தவர் கைத்தொலைபேசியில் சொல்லச்சொல்ல அது எழுதிக்கொள்கிறது. அதுவும் அவர் கதைதான்.

கணினியில் எழுதுபவரிடம் வரைவு மிஞ்சாது என்று இளையவர் இருவர் ஆட்சேபித்தார்கள். நியாயம்தான், எனக்கு விடை தெரியவில்லை. இன்றைய பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும்.

தெமட்டகொடைக் கதை மறுபடி நடுவர்களிடம் போய் இரண்டாம் பரிசு பெற்றது. அவரது கொப்பிகளில் ஒன்று இன்னும் என்னிடமே இருக்கிறது. வந்திருந்தால் தேநீர் இடைவேளையில் பெற்றுக்கொள்ளவும்.

செயலாளர்
கொழும்பு 6