கண்காட்சி இடமாற்றம்: நம் எதிர்ப்பைப் பதிவு செய்வோம்

அனைவருக்கும் வணக்கம்.

நியூ மெக்சிகோ மாநிலக் கண்காட்சியை ஆல்புகர்க்கி நகருக்குள்ளிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு 2024 டிசம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருப்பது தெரிந்ததுதான். இப்போதைய கண்காட்சித் திடலின் 236 ஏக்கரும் மாநிலத்தின் சொத்து. வீடு, கடை என்று அங்கே கட்டலாமாம். வீடு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. சுற்றியுள்ள வாகன நிறுத்தத் தரை வருடத்தில் பாதி நாள் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே கட்டட்டும்!

1938 முதல் இதே இடம். லோமாஸ் சாலைக்கும் சென்ட்ரல் அவென்யூவுக்கும் நடுவில். சென்ட்ரலில் ஓடும் நகரப் பேருந்துக்குக் கட்டணமே கிடையாது. கார் இல்லாதவரும் பிள்ளைகளோடு வாசலிலேயே இறங்கலாம். ஊருக்கு வெளியே போய்விட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்? இதற்கு மட்டும் இன்னும் நேரான பதில் இல்லை.

திடலில் ரோடியோ நடக்கும் டிங்லி அரங்கம், பூர்வகுடிகளின் 'இந்தியன் வில்லேஜ்', ஹிஸ்பானிக் மக்களின் 'வில்லா ஹிஸ்பானா' எல்லாம் வேர்விட்ட இடங்கள். லாரியில் ஏற்றி நட்டுவிட முடியாது. (கண்காட்சியில் சாப்பிடும் பச்சை மிளகாய் பர்கர் எங்கும் கிடைக்கும் என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும்!)

செய்ய வேண்டியது: உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். ஒரே கடிதத்தை எல்லோரும் நகலெடுத்து அனுப்பினால் படிக்க மாட்டார்கள். தலைநகர் சான்டா ஃபேயில் மாநிலச் சட்டமன்றம் ஜனவரியில் கூடும், அதற்கு முன் போய்ச் சேரட்டும். அனுப்பியவர்கள் இங்கே 'அனுப்பியாச்சு' என்று போடுங்கள். கட்சி விவாதம் மட்டும் இந்தக் குழுவில் வேண்டாம், ப்ளீஸ்.