சட்ட உரிமைக் குழுவின் முதலாண்டுப் பணி: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், லாடியத்திலிருந்தும் பிரிட்டோரியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தைப்பூசக் காவடி, புரட்டாசி வழிபாடு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆகியவை இவ்வாண்டும் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் விவரங்களைத் துணைச் செயலாளர் தனியே எழுதியிருக்கிறார். நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட சட்ட உரிமைக் குழு என்ன செய்தது என்பதைத் தெரிவிப்பதே இவ்வறிக்கையின் நோக்கம்.

குழுவை அமைத்தபோது நம்மில் பலர் கொண்டிருந்த எண்ணம் ஒன்று. பிரிட்டோரியா பல்கலைக்கழகச் சட்டத்துறையில் மனித உரிமை மையம் இருக்கிறது. நமது குறைகளை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். அந்த மையத்தின் வரலாற்றையும் வெளியீடுகளையும் படித்த பின், அந்த எண்ணம் பொருந்தாது என்ற முடிவுக்குக் குழு வந்தது. ஏன் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மையம் தொடங்கப்பட்டது 1986-இல். தென்னாப்பிரிக்கா முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. மரபாஸ்டாடில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்த நம் பெரியவர்களை, இனவாரியாக வசிப்பிடம் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் லாடியத்துக்கு அனுப்பிய ஆட்சியின் தலைநகரில், அன்று ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் நடத்திய ஒரு பல்கலைக்கழகத்தில், சட்டப் பேராசிரியர்கள் சிலர் மனித உரிமைக்கென்று ஒரு மையத்தை நிறுவியது சிறிய செயலன்று. மனிதர், மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க சாசனம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு அக்டோபரில்தான். மையத்தின் முதல் இயக்குநரான யோஹான் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன் பின்னாளில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதியானார். அவருக்குப் பின் மையத்தை நடத்திய கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ், சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராகப் பணியாற்றினார். அமைதியாகக் கூடும் உரிமைக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட விளக்கத்தை வரைவதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

மையத்தின் முதன்மையான வேலை, வழக்குகளை நடத்துவதைவிட வழக்கறிஞர்களை உருவாக்குவதுதான். 1992 முதல் அது நடத்தி வரும் ஆப்பிரிக்க மனித உரிமை மாதிரி நீதிமன்றப் போட்டியில், கண்டத்தின் பல நாடுகளிலிருந்தும் வரும் சட்ட மாணவர்கள் ஒரு கற்பனை வழக்கை ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ் மொழிகளில் வாதாடுகிறார்கள். இறுதிச் சுற்றில் வெவ்வேறு மொழி அணிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள் என்பதால், நேற்றுவரை வேறு அணியில் நின்றவரோடு இன்று ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். 2000-இல் தொடங்கிய முதுகலைப் படிப்பில் சேர்பவர்கள் முற்பாதியைப் பிரிட்டோரியாவிலும் பிற்பாதியை ஆப்பிரிக்காவின் வேறு பல்கலைக்கழகங்களிலும் பயில்கிறார்கள். இந்தப் படிப்பையும் மாதிரி நீதிமன்றப் போட்டியையும் சிறப்பாகக் குறிப்பிட்டே, 2006-இல் யுனெஸ்கோவின் மனித உரிமைக் கல்விப் பரிசு மையத்துக்குக் கிடைத்தது.

மையம் வழக்குத் தொடுப்பதும் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்தே தொடுக்கிறது. செனகல் நாட்டில் குர்ஆன் கற்கச் சென்ற சிறுவர்களைத் தெருவில் பிச்சையெடுக்க விட்டதை எதிர்த்து, செனகலைச் சேர்ந்த ஓர் அமைப்போடு சேர்ந்து ஆப்பிரிக்கக் குழந்தை உரிமை நிபுணர் குழுவின் முன் அது முறையிட்டது. அந்நாட்டு அரசு கடமை தவறியது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டின் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடும் வழக்கு அது. லாடியத்தில் ஒருவருக்கு வரும் வாடகைத் தகராறையோ ஓய்வூதியச் சிக்கலையோ அதே மையம் ஏற்று நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. வசதியற்றவர்களுக்காகச் சட்டத்துறைகள் நடத்தும் சட்ட உதவி நிலையங்கள் வேறு, மனித உரிமை மையம் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அலைந்து திரும்பியவர்கள் நம்மில் உண்டு.

ஆகவே மையத்தின் வாசலில் போய் நிற்பதை விட்டு, அது செய்கிற வேலையைச் சிறிய அளவில் நாமே செய்து பார்ப்பது என்று குழு தீர்மானித்தது. மாதந்தோறும் கோயில் மண்டபத்தில் வாசிப்புக் கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்ற வழக்கறிஞரான நம் உறுப்பினர் ஒருவர் தீர்ப்புகளை எளிய தமிழில் விளக்கினார். முதலில் எடுத்துக்கொண்டது டர்பன் மூக்குத்தி வழக்கு. பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயின்ற தமிழ்ப் பெண் மூக்குத்தி அணிந்து வரக் கூடாது என்று பள்ளி தடுத்தது. பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்தித் தங்கத் திருகு போடுவதும், பதினாறு வயதில் பாட்டி அதை மாற்றி வைரம் போடுவதும் தங்கள் குடும்ப வழக்கம் என்று தாய் எடுத்துரைத்தார். சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2007 அக்டோபர் 5-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்திலும் அந்தக் குடும்பம் வென்றது. கட்டாயமான சமயக் கடமை அல்லாவிட்டாலும், தானே விரும்பிப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதினார். தீர்ப்பு வரும்போது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். நாத்தால் தமிழ் வேத சங்க அறக்கட்டளை அவ்வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக நின்றது என்று கேட்டபோது மண்டபத்தில் சிறிது சலசலப்பு எழுந்தது. நம்மைப் போன்ற ஓர் அமைப்பும் அங்கே போய் நிற்க முடியும் என்பது பலருக்குப் புதிய செய்தி.

வாசிப்போடு நின்றுவிடாமல், நேரடியாகப் பயன்பட்டதொன்றையும் குறிப்பிட வேண்டும். மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார், கணவர் உயில் எழுதாமல் இறந்தபின், அவருடைய சேமிப்பைக் கோரி ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். திருமணப் பதிவுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் எங்களிடம் கொண்டுவந்த பையில் மணவறையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும், மஞ்சள் படிந்த திருமண அழைப்பிதழும் இருந்தன. கோயிலின் பழைய கல்யாணப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம். தமிழில் எழுதிய மணமக்கள் பெயர், குருக்களின் கையொப்பம், மண்டபக் கட்டணம் உட்பட எல்லாம் அதில் இருந்தன. பதிவு செய்யப்படாத இந்துத் திருமணத்தின் மனைவிக்கும், உயிலின்றி இறந்த கணவரின் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சுட்டி வழக்கறிஞர் கடிதம் எழுதிய பின் கோப்பை மீண்டும் திறந்திருக்கிறார்கள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

இந்தச் சிக்கல் நமக்குப் புதியதன்று. பலதார மணத்தை அனுமதிக்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று 1913-இல் கேப் நகர நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னபோதுதான், ஜோஹானஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். சிறையில் நோயுற்று வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய நினைவு நாளை ஆண்டுதோறும் மாலையிட்டுக் கொண்டாடும் நாம், நம் வீட்டுத் திருமணங்களைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பாகுபாடு குறித்த முறையீடுகளைப் பொறுத்தவரை, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே இயங்கும் சமத்துவ நீதிமன்றத்தில் கட்டணமின்றி, வழக்கறிஞரும் இன்றி மனுக் கொடுக்கலாம் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் துண்டறிக்கையாக அச்சிட்டு வழங்கினோம். அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதையும் அதில் சேர்த்தோம். இவ்விஷயத்தில் இவ்வாண்டு இதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

வரும் ஆண்டுக்குக் குழு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகளில் ஒருவருக்காவது புத்தகச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். டர்பனின் கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக உயர்ந்ததைப் பேசிப் பெருமைப்படுகிறோம். அவர் படிப்பதற்கு அக்கம்பக்கத்தார் காசு சேர்த்துக் கொடுத்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அடுத்தது, பதிவில்லாத திருமணங்களின் பட்டியல். கோயிலில் மணம் முடித்துப் பதிவு செய்யாமல் விட்ட தம்பதியர், தங்கள் அடையாள அட்டை நகலையும் கல்யாணப் படத்தையும் பங்குனி மாத முடிவுக்குள் என்னிடமோ குழு உறுப்பினர்களிடமோ ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய பதிவேடுகளை நகலெடுக்கும் செலவு பொருளாளர் சமர்ப்பிக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்