இடித்துரைக்க வேண்டிய அவையினருக்கு ஒரு திறந்த மடல்

ஹன்யாங் (கொரியாவின் ஜோசோன் அரசின் தலைநகர்), 1515

அதிகாரிகளைக் கண்காணிக்கும் சஹோன்பு, மன்னரின் பிழைகளை இடித்துரைக்கும் சகான்வொன் ஆகிய இரு அவைகளின் பெருமக்களுக்குத் தலைநகர்வாசி ஒருவனின் வணக்கம்.

குறைநிறைகளை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டவர் மன்னர். கேட்டதால் தாம்யாங் நிர்வாகி பாக் சாங்கும் சுன்சாங் நிர்வாகி கிம் ஜோங்கும் எழுதினார்கள். இன்று ஒருவர் நாம்வொனிலும் மற்றவர் போவுனிலும் தண்டனைக் காவலில் கிடக்கிறார்கள். தண்டிக்கச் சொல்லி வாதாடியது நீங்கள். அவ்விருவரையும் திரும்ப அழைக்கச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அப்படி என்ன எழுதிவிட்டார்கள்? அரசி காலமாகிவிட்டார், புதிதாக ஒருவரைத் தேடாமல், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் துரத்திய ஷின் அரசியையே அழைத்து வாருங்கள் என்றார்கள்.

முந்தைய மன்னர் யோன்சான்குன் கவிழ்ந்த இரவில் வீரர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், கொல்ல வந்துவிட்டார்கள் என்றெண்ணி இன்றைய மன்னர் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தாராம். கையைப் பிடித்துத் தடுத்தவர் மனைவி, இதே ஷின் அரசிதான். குதிரைகளின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னாராம். வீட்டை நோக்கி நின்றால் ஆபத்து, வெளியே நோக்கி நின்றால் காவல். வெளியே நோக்கித்தான் நின்றன. அந்த நிதானத்துக்குக் கிடைத்த பரிசு, ஏழு நாள் அரசிப் பட்டம்! கவிழ்ப்புக்கு இணங்காத அவருடைய தந்தை ஷின் சுகுனைக் கொன்றவர்களுக்கு, மகள் அரண்மனையில் இருந்தால் உறக்கம் வருமா?

கவிழ்ப்பை முன்னின்று நடத்திய பாக் வொன்ஜோங், யூ சுன்ஜோங், சோங் ஹூயான் மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் யாருக்கு அஞ்சுகிறீர்கள்? கவிழ்ப்பில் உதவியதாகப் பட்டமும் நிலமும் பெற்ற 117 பேருக்கா? அவர்களில் அன்றிரவு வீட்டில் குறட்டை விட்டவர்கள் யார் யார் என்பது ஊருக்கே தெரியும்.

யோன்சான்குன் அதிகாரிகளின் கழுத்தில் மரப்பலகை மாட்டினார். வாய் கேட்டின் வாசல், நாக்கு உடலை வெட்டும் கத்தி என்று அதில் எழுதியிருந்தது. சகான்வொன்னையே இழுத்து மூடியவரும் அவர்தான். அவரை இறக்கிய பிறகல்லவா உங்கள் கதவு திறந்தது? இப்போது பலகை இல்லாமலேயே காரியம் நடக்கிறது. தச்சனுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: பாக் சாங்கையும் கிம் ஜோங்கையும் திரும்ப அழைக்கும்படி மன்னரிடம் நீங்களே சொல்லுங்கள். அதற்கு மனமில்லையென்றால், சொல்லக்கூடியவர்களுக்கு இருக்கையை விட்டுக்கொடுங்கள்.