கடையை மூடும் முன் அந்தச் சிறிய விளையாட்டுகளை வெளியே விடுங்கள்

வீடியோ கேம் கன்சோல்களையும் அவற்றின் இணையக் கடைகளையும் நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அடுத்து என்ன கன்சோல், அதில் என்ன விளையாட்டு என்ற பேச்சுதான் இப்போது எங்கும் கேட்கிறது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வந்துவிட்டது. சோனியும் மைக்ரோசாஃப்டும் தங்கள் வருங்காலக் கருவிகளுக்காக, சிப் செய்யும் ஏஎம்டி நிறுவனத்துடன் சேர்ந்து வேலை செய்வதை அதே ஆண்டில் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஜிடிஏ விளையாட்டின் ஆறாம் பாகத்துக்கான முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வெளியானதிலிருந்து, அதன் தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் நாட்காட்டியில் புதிதாக ஒரு வட்டம் போடுகிறோம். புதியது வரட்டும், எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் புதுக் கருவிக்கு நாள் குறிக்கும்போதே பழைய கருவியின் கடைக்கும் எங்கோ ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அந்த நாளில் அங்கிருக்கும் மிகச் சிறிய விளையாட்டுகளுக்கு என்ன ஆகும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு கன்சோல் கடையில் ஒரு டாலர் விலையில் ஒரு விளையாட்டை வாங்கினேன். இருட்டுக் கடலில் ஒரு படகு. அது தொடும் ஒவ்வொரு பாறையிலும் ஒரு விளக்கு எரியும். எதிரி கிடையாது, புள்ளிக் கணக்கு கிடையாது, தோல்வியும் கிடையாது. செய்தவர் ஒரே ஆள், பகலில் வேறு வேலை பார்ப்பவர். அலையின் ஓசையைத் தன் வாயாலேயே ஊதிப் பதிவு செய்திருந்தார். ஒலியைக் கூட்டி வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டால், இரண்டு அலைகளுக்கு நடுவே அவர் மூச்சை இழுப்பது கேட்கும். இதை முதலில் கண்டுபிடித்தவள் மகள். "அப்பா, கடல் மூச்சு விடுகிறது" என்றாள். அன்று முதல் படகு நகரும்போதெல்லாம் அவளும் சேர்ந்து ஊதுவாள். பள்ளி விட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாமல் அதன் முன் உட்கார்ந்துவிடுவாள்.

சில ஆண்டுகளில் கன்சோலின் ஹார்டு டிஸ்க் பழுதானது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்கின. 'வாங்கியவை' பட்டியலில் படகு விளையாட்டின் பெயரும் இருந்தது, வாங்கிய தேதியும் இருந்தது. பதிவிறக்கும் பொத்தான் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தப் பிரிவு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விடாமல் தேடி, செய்தவரையே பிடித்தேன். மூலநிரல் ஒரு பழைய மடிக்கணினியில் பத்திரமாக இருக்கிறது என்றார் அவர். ஆனால் கன்சோல் ஏற்றுக்கொள்ளும்படி டிஜிட்டல் முத்திரையிட்ட பிரதி, நிறுவனத்தின் சர்வரில் மட்டும்தான் இருந்ததாம். முத்திரையிடும் சேவையையும் நிறுத்திவிட்டார்கள். தான் செய்த விளையாட்டைத் தன் வீட்டுக் கன்சோலில் அவராலேயே விளையாட முடியவில்லை.

எந்த நிறுவனம் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. இது ஒரு கடையின் குறை மட்டும் அல்ல என்பதற்கு ஊரறிந்த செய்திகளே போதும்.

மைக்ரோசாஃப்ட் 2006 டிசம்பரில் எக்ஸ்என்ஏ கேம் ஸ்டூடியோ என்ற, விளையாட்டு எழுத உதவும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. சி ஷார்ப் என்ற நிரல்மொழி தெரிந்த எவரும் ஆண்டுக்கு 99 டாலர் சந்தா கட்டி, தான் எழுதிய விளையாட்டை அந்த நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் ஓட்டிப் பார்க்கலாம். 2008 நவம்பரில் அவற்றை விற்பதற்கென்றே ஒரு பிரிவும் திறந்தார்கள். அதுதான் பிறகு எக்ஸ்பாக்ஸ் லைவ் இண்டி கேம்ஸ் ஆனது. அங்கே விளையாட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் நிறுவன ஊழியர்கள் அல்லர். ஒருவர் செய்ததை அவரைப் போன்ற மற்றவர்கள் விளையாடிப் பார்த்து, தவறைச் சுட்டிக்காட்டி, சரியானதும் அனுமதித்தார்கள். கன்சோல் உலகில் அப்படி ஒரு கதவு அதற்கு முன் அவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அதன் வழியே வந்தன. குப்பையும் நிறைய வந்தது. கைப்பிடியை அதிரவைத்து உடம்பு பிடித்துவிடுவதாகச் சொன்ன செயலிகள்கூட இருந்தன. அதே இடத்தில்தான் ஜேம்ஸ் சில்வா 2009இல் ஜாம்பிகளைச் சுடும் ஒரு டாலர் விளையாட்டை வைத்து, அதைப் பல்லாயிரம் பேரை வாங்க வைத்தார். அந்தக் கடையில் விற்கலாம் என்று நினைத்துத்தான் எரிக் பரோன் ஒரு பண்ணை விளையாட்டை எழுதத் தொடங்கினார். நாலரை ஆண்டு தனியாக உட்கார்ந்து எழுதி முடித்தபோது அது ஸ்டார்டியூ வேலி ஆகியிருந்தது. 2016இல் கணினிக்கு வந்து, பிறகு எல்லாக் கன்சோல்களுக்கும் போய், நான்கு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றுவிட்டது.

அந்தப் பிரிவு 2016 செப்டம்பரில் புதிய விளையாட்டுகளை ஏற்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இதற்கிடையே 2015 நவம்பரில், பழைய 360 விளையாட்டுகளை அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அருமையான வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். நூற்றுக்கணக்கான விளையாட்டுகளுக்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது. இண்டி கேம்ஸ் பிரிவிலிருந்து ஒன்றுகூட அந்தப் பட்டியலில் ஏறவில்லை. முன்பே பதிவிறக்கி வைத்திருந்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. அந்தப் பிரிவின் விளையாட்டுகள் திறப்பதற்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற இணையச் சேவையின் இணைப்பு வேண்டும்.

சோனியிடமும் இதே வருத்தம் உண்டு. 2008இல் வந்த லிட்டில் பிக் பிளானட், விளையாடுபவர்களையே களம் கட்டச் சொன்ன விளையாட்டு. 'விளையாடு, உருவாக்கு, பகிர்' என்பதுதான் அதன் விளம்பர வாசகம். குழந்தைகளும் பெரியவர்களும் லட்சக்கணக்கில் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3, கையடக்க விட்டா ஆகிய கருவிகளுக்கான அதன் சர்வர்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. மிச்சமிருந்த மூன்றாம் பாகத்தின் ப்ளேஸ்டேஷன் 4 சர்வர்கள் 2024 ஜனவரியில் கோளாறு காரணமாக நின்றன. காலவரையின்றி மூடுவதாக ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. சர்வரில் பகிர்ந்திருந்த அந்தக் களங்களை இனி யாரும் அங்கே போய் விளையாட முடியாது.

இதே சோனி 1990களில் நெட் யாரோஸ் என்ற பெயரில் ஒரு கறுப்பு ப்ளேஸ்டேஷனை விற்றது. வீட்டிலிருந்தபடி விளையாட்டு எழுத விரும்பியவர்களுக்காகவே செய்த கருவி அது. அதில் ஆர்வலர்கள் எழுதிய சிறு விளையாட்டுகள் பிரிட்டனில் ப்ளேஸ்டேஷன் இதழோடு இணைத்துத் தந்த குறுந்தட்டுகளில் இடம்பெற்றன. அந்தத் தட்டுகள் இன்றும் பழைய பொருள் கடைகளில் கைமாறுகின்றன. ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முந்தைய ஆர்வலர் விளையாட்டை இன்று ஒருவர் தட்டில் போட்டு விளையாடலாம், பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் காசு கொடுத்து வாங்கியதை விளையாட முடியாது.

இன்னும் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு கேவ் ஸ்டோரி என்ற விளையாட்டு. பிக்சல் என்ற பெயரில் எழுதும் ஜப்பானியர் டைசுகே அமாயா, ஓய்வு நேரத்தில் ஐந்து ஆண்டு உழைத்து, படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, 2004இல் இலவசமாக இணையத்தில் போட்டார். ரசிகர்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 2010இல் அது நின்டெண்டோவின் வீ கருவிக்குப் பதிவிறக்க விளையாட்டாக வந்தது. 2019 ஜனவரி 30 அன்று வீ கடை மூடப்பட்டது, அந்தப் பதிப்பை இனி யாரும் வாங்க முடியாது. 2023 மார்ச் 27 அன்று அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகளும் மூடின. ஆனால் 2004இல் அவர் கையால் வெளியே விட்ட பழைய இலவசப் பிரதி? அது இன்றும் கிடைக்கிறது. எத்தனையோ பேர் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் புதிய கருவிகளில் ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். காசுக்கு விற்ற பதிப்பைக் கடையோடு சேர்த்துப் பூட்டியாயிற்று, இலவசமாகக் கொடுத்த பதிப்பு பிழைத்துக்கொண்டது.

'இவற்றை யார் தேடப்போகிறார்கள்?' என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்கலாம். தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும் ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. டொரோண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெண்பா என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டில் வரிகள் அழிந்திருக்கும், பக்கங்கள் கிழிந்திருக்கும். விடுபட்டதை யோசித்து நிரப்பி, நாம்தான் சமைத்து முடிக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டா, சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. ஒரு குழுவே சேர்ந்து செய்து விற்ற விளையாட்டு அது, நான் சொல்லும் ஆர்வலர் விளையாட்டு வகை அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் அது வெறும் பதிவிறக்கமாகத்தான் இருக்கிறது. வீடியோ கேம் பக்கமே திரும்பாத என் அம்மா, திரையில் இட்லிப் பானையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தண்ணீரை முதலில் ஊற்றச் சொல்" என்றார். இருபது வருடம் கழித்து என் பேரப்பிள்ளை அதைத் தேடினால், பட்டியலில் பெயர் மட்டும் இருந்து பொத்தான் இல்லாமல் போகுமோ என்று நான் பயப்படுவது நியாயம்தானே?

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்றது அது. பெட்டியில் வந்து, தட்டில் பதிந்து, கடைகளில் விற்றவற்றுக்கே இந்தக் கதி என்றால், தட்டே இல்லாமல் உங்கள் சர்வரில் மட்டும் பிறந்து வளர்ந்தவற்றின் கதியை நினைத்துப் பாருங்கள்.

சர்வர் நடத்த ஆகும் செலவு எனக்குப் புரியாமல் இல்லை. எந்தக் கடையையும் காலம் முழுக்கத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. மூடும் விதத்தைப் பற்றியே கேட்கிறேன். மூடும் தேதியை ஓராண்டுக்கு முன்பே, வாங்கியவருக்கும் செய்தவருக்கும் தனித்தனியாக எழுதிச் சொல்லுங்கள். கடையின் மூலையில் ஓர் அறிவிப்பு போதாது. சிறு விளையாட்டைச் செய்தவர் பழைய மின்னஞ்சலைத் தொலைத்திருப்பார், வேலை மாறியிருப்பார், தேடிப் பிடியுங்கள். என்னைப் போன்ற ஒரு வாடிக்கையாளர் பிடிக்க முடிந்தது, உங்களால் முடியாதா? முத்திரையிட்ட இறுதிப் பிரதியைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் விரும்பினால் இலவசமாக வேறெங்கும் போட்டுக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள். திறக்கும்போதெல்லாம் உங்கள் சர்வரைக் கேட்கும்படி செய்த விளையாட்டுகளிலிருந்து அந்தக் கேள்வியை, சர்வர் நிற்பதற்கு முன் ஒரு கடைசிப் புதுப்பிப்பால் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருக்கும் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் விளையாட்டுகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகின்றன. செய்தவர் சம்மதித்தால் அங்கே ஒரு பிரதி போகட்டும். அடுத்த கன்சோலில் பழைய விளையாட்டுகள் ஓடும் என்று விளம்பரப்படுத்தும்போது, தனி ஆள் செய்த ஒரு டாலர் விளையாட்டுகளும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

நீங்கள் காது கொடுப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். 2021 மார்ச்சில் ப்ளேஸ்டேஷன் 3, விட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்த சோனி, வாடிக்கையாளர்கள் வருந்தி எழுதியதும் ஏப்ரலிலேயே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. எடுத்த முடிவு தவறு என்று சோனியின் வீடியோ கேம் பிரிவின் அப்போதைய தலைவர் ஜிம் ரயன் வெளிப்படையாகவே எழுதினார். அந்த மனம் இருப்பதால்தான் நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன்.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. சென்ற கோடை விடுமுறையில் அவளாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, கணினியில் ஒரு சிறு விளையாட்டைச் செய்யத் தொடங்கியிருக்கிறாள். மழை பெய்யும் தெருவில் ஒரு குடை நடந்துபோகிறது. மழை ஓசைக்கு, சமையலறையில் முறத்தில் அரிசியைப் புடைத்துப் பதிவு செய்தாள். முடித்ததும் அதைக் கன்சோலில் வெளியிட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வெளியிடலாம் என்று சொல்லியிருக்கிறேன், முதலில் பிரதி எடுத்து மூன்று இடங்களில் வை என்றும் சொல்லியிருக்கிறேன்.

படகு விளையாட்டைச் செய்தவருக்கு இந்த மடலின் சுருக்கத்தைச் சொன்னேன். அந்தப் பழைய மடிக்கணினி இன்னும் ஓடுகிறதாம். அவ்வப்போது திறந்து பார்க்கிறாராம். மூலநிரல், படங்கள், வாயால் ஊதிய அந்த அலை ஓசை எல்லாவற்றையும் தர அவர் தயாராக இருக்கிறார். எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் நெடுநாள் வாடிக்கையாளர்,
மதுரை