வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி: பெங்களூரு வான்காட்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் தொலைநோக்கியை நிறுத்தி, காசு வாங்காமல் வானத்தைக் காட்டுகிறீர்கள். அல்சூரிலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு வரும் ஆசிரியை என்ற முறையில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சனிக்கோளைக் காட்டும்போது வளையத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு பூமியை நோக்கித் திரும்பியது. அந்த ஆண்டின் இறுதியில்கூட அது வெறும் கோடாகத்தான் தெரிந்தது. கால் கடுக்க வரிசையில் நின்றவர்கள் "இவ்வளவுதானா?" என்றார்கள். என் மாணவி ஒருத்தி மட்டும் பக்கத்தில் தெரிந்த புள்ளியைப் பற்றிக் கேட்டாள். அங்கிருந்த தன்னார்வலர் "ஏதோ நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அது டைட்டன், சனியின் மிகப் பெரிய துணைக்கோள்.

அந்தப் புள்ளிக்குத் தனியே ஒரு மாலையை ஒதுக்கலாம். 1655இல் டச்சு வானியலாளர் ஹைகென்ஸ் கண்டுபிடித்த பிறகு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அது புள்ளியாகவே இருந்தது. 1944இல் வானியலாளர் ஜெரார்ட் கைப்பர் அதன் ஒளியை நிறமாலையாக விரித்தார். டைட்டனுக்குச் சொந்த ஒளி கிடையாது. வருவதெல்லாம் அங்கே பட்டுத் திரும்பும் சூரிய ஒளி. அந்த ஒளியில் சில சிவப்பு அலைநீளங்கள் குறைந்திருந்தன. விழுங்கியது மீத்தேன் வாயு. ஒரு துணைக்கோளுக்குக் காற்று உண்டு என்பது இப்படித்தான் உறுதியானது. 1980இல் வாயேஜர் 1 விண்கலம் அருகே சென்றபோது தரையே தெரியவில்லை. ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் மறைத்துவிட்டது. கீழே காற்றழுத்தம் நம் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு, பெரும்பகுதி நைட்ரஜன் என்பதெல்லாம் அப்போது தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் புகைமூட்டத்தின் வழக்குதான். சிதறி வரும் ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை அளந்தால், துகள்கள் மிக நுண்ணியவை என்று கணக்கு வருகிறது. ஒளி முன்னோக்கிச் சிதறும் விதத்தைப் பார்த்தாலோ, துகள்கள் பெரியவை என்கிறது. இரண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை. நுண்துகள்கள் ஒன்றோடொன்று தொற்றிக்கொண்டு, அடுப்படி ஒட்டடைபோல் இடைவெளிகளோடு தொங்கினால் இரண்டும் பொருந்தும். 2005 ஜனவரி 14 அன்று அந்த மூட்டத்துக்குள் இறங்கிய ஹைகென்ஸ் கலத்தின் அளவீடுகளும் அதையே காட்டின. சூரியனின் புறஊதாக் கதிர் மீத்தேனை உடைப்பதால் உருவாகும் இந்தப் பொருளை ஆய்வகத்தில் செய்து பார்த்து, அதற்குத் 'தோலின்' என்று பெயரிட்டவர்கள் கார்ல் சேகனும் இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் பிஷுன் கரேயும்.

இதையெல்லாம் பேச்சாக மட்டும் சொல்ல வேண்டியதில்லை, காட்டவும் முடியும். எட்டு அங்குலத் தொலைநோக்கி, கேமராவின் முன் திருகிப் பொருத்தும் சிறிய கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி), ஒரு மடிக்கணினி போதும். திரையில் டைட்டன் புள்ளியாகவும், தள்ளி ஒரு மங்கலான ஒளிக்கீற்றாகவும் விழும். பல படங்களை அடுக்கிச் சேர்த்தால், கீற்றின் சிவப்பு முனையில் 619, 725 நானோமீட்டர் அருகே ஒளி குறைந்திருப்பது தெரியும். அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத கேமராவென்றால் 889 அருகே பெரிய பள்ளமே இருக்கும். ஒரு எச்சரிக்கை: சனியின் காற்றிலும் மீத்தேன் உண்டு. இரண்டு கீற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. டைட்டன் சனியிலிருந்து விலகி நிற்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். அது பதினாறு நாளில் ஒருமுறை சுற்றிவருவதால் எட்டு நாளுக்கொரு வாய்ப்பு கிடைக்கும். கேமராவையும் கொஞ்சம் திருப்பிவையுங்கள். கீற்றுகள் பக்கம்பக்கமாக விழும்.

ஒப்பிட்டுக் காட்ட வியாழனின் கானிமீடு இருக்கிறது. டைட்டனைவிடச் சற்றுப் பெரியது. ஆனால் அதன் கீற்றில் அந்தப் பள்ளங்கள் இருக்காது. (1972 ஜூனில் கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, மிக மெல்லிய காற்றின் அறிகுறியைத் தேடியவர்களில் நம் காவலூர்க்காரர்களும் உண்டு. ஜவ்வாது மலையிலிருக்கும் அந்த ஆய்வகத்தை நடத்துவது நம் கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான்.)

"பெங்களூரின் விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அண்டங்களையும் (கேலக்ஸி) ஒண்முகில்களையும் (நெபுலா) இங்கிருந்து காட்டப் போராடுவதை நானும் பார்த்திருக்கிறேன். டைட்டன் அப்படியல்ல, இந்த வானத்திலும் எடுபடும். நாசாவின் டிராகன்ஃப்ளை கலம் 2028இல் கிளம்பி 2034இல் அங்கே இறங்கவிருக்கிறது. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது வேலைக்குப் போகும் வயது.

மழை ஓய்ந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை போதும். கீற்றணிக்கான செலவைப் பெற்றோர்கள் பகிர்ந்துகொள்வார்கள், கேட்டுவிட்டேன். கன்னடத்தில் விளக்க உங்களிடம் ஆள் இருக்கிறது, தமிழில் விளக்க நான் நிற்கிறேன். எந்த மைதானம், எந்தத் தேதி என்பதை மட்டும் தீபாவளிக்கு முன் சொல்லிவிடுங்கள். பள்ளியில் அனுமதி வாங்க இரண்டு வாரமாவது ஆகும்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை